நான்காவது விரலைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை

தம்பி,

திருச்சி விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்குள் பெட்டியை உருட்டிக்கொண்டு போன நீ, பாதியில் திரும்பி வந்து என்னிடம் ஒரே ஒரு வாக்கு வாங்கிக்கொண்டாய். "சித்தப்பா, போன்ல விரலைப் பத்தி மட்டும் கேக்காதீங்க. சொல்ல வேண்டியது இருந்தா நானே சொல்றேன்" என்றாய். நானும் பெரிய மனிதனைப் போலத் தலையாட்டிவிட்டேன். அன்று முதல் இந்தக் காவிரிக் கரையில் என்னைப் போல் துன்பப்படுகிறவன் ஒருவனும் இல்லை. நீ தினமும் போன் செய்கிறாய். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்கிறேன், நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்கிறேன், எதிர்வீட்டுக் கன்றுக்குட்டி கொடியில் காய்ந்த என் வேட்டியைக் கரை மட்டும் மிச்சம் வைத்துத் தின்றுவிட்டது என்கிறேன். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டுப் போனை வைக்கிறேன். விழுங்கி விழுங்கி என் வயிறு மகாமகக் குளம் அளவுக்கு விரிந்துவிட்டது. உன் சித்தி அதற்குக் காரணம் பலாப்பழம் என்கிறாள். அவளுக்கு மனித மனத்தின் ஆழம் தெரியாது.

ஆகவே எழுதுகிறேன். கடிதத்தில் கேட்கக் கூடாது என்று நீ சொல்லவில்லை. ஆனாலும் கேட்கமாட்டேன். இதை ஒளித்து வைக்கவும் போவதில்லை, யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நம் விஷயத்தில் ஒளிப்பதற்கு இனி என்ன மிச்சம் இருக்கிறது என்பது போகப் போகத் தெரியும்.

படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன்னைப் பெற்றவர் என் அண்ணன். எனக்கும் உன் சித்திக்கும் பிள்ளை இல்லை. நீ தவழ்ந்துகொண்டிருந்த வயதில் அண்ணன் ஒரு நாள் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்து, "இவன் ஒனக்குடா" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நாலு வீடு தள்ளியிருக்கும் தன் வீட்டுக்கு நடந்துபோனார். நம் பக்கத்துக் குடும்பங்களில் இது புதிதில்லை. நீ அவரை அப்பா என்றாய், என்னைச் சித்தப்பா என்றாய், சாப்பிட்டதும் தூங்கியதும் அடம்பிடித்ததும் எல்லாம் என் வீட்டில். ஆகவே நான் உன் தகப்பன்தான். சர்க்கார் கெஜட்டில் போடாத தகப்பன்.

உலகம் போற்றும் பியானோக் கலைஞன் ஒருவன் திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் நெல் வயலுக்கு நடுவிலிருந்து எப்படிக் கிளம்பினான் என்று உன்னை வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் கேட்கும்போதெல்லாம், ஸ்டெல்லா டீச்சர் என்று ஒரே பெயரைச் சொல்கிறாய். டீச்சர் பெரியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் மூல காரணம் என் சோம்பேறித்தனம் என்பதை ஒரு பேட்டியிலாவது சொல்லியிருக்கலாம். கும்பகோணத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்த்துவிட்டு, சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் அழைத்துவருவதாக ஏற்பாடு. வழியில் விதைநெல் கடை. அங்கே உலக அரசியலை நான் ஒருவன்தான் சீர்படுத்த வேண்டியிருந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, நீ ஒருவன் மட்டும் வராந்தாவில் புத்தகப் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். பாவம் பார்த்த டீச்சர் உன்னைப் பாட்டு அறைக்குள் கூட்டிப்போய் அந்தக் கறுப்புப் பெட்டியின் முன்னால் உட்காரவைத்தார். நான் ஒழுங்காக நாலு மணிக்கு வந்திருந்தால் நீ இன்று பாங்கியில் மேனேஜர்.

அப்புறம் தஞ்சாவூரில் ஒரு பழைய பங்களாவை இடிக்கிறார்கள், உள்ளே ஒரு பியானோ இருக்கிறது என்று டீச்சர் சொல்ல, நான் டிராக்டரோடு போய் நின்றேன். டிரெய்லர் முழுக்க வைக்கோல் பரப்பி, அதன்மேல் படுக்கைகள், அதன்மேல் பியானோ, அதன்மேல் கயிறு, எல்லாவற்றுக்கும் மேலே நான். ராஜராஜ சோழன் பெரிய கோயில் விமானத்துக்குக் கல் ஏற்றியபோதுகூட இவ்வளவு கூச்சல் போட்டிருக்கமாட்டான். வாய்க்கால் மதகில் சக்கரம் இறங்கியபோது பியானோவே ஒரு முறை தானாக முனகியது, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்குள் இறக்கியதும் உன் சித்தி அதைச் சுற்றிவந்து பார்த்தாள். "இவ்வளவு மரம். எறும்பு விடுமா?" என்றாள். பால், மாவு வைக்கிற அலமாரிக்கு எப்போதும் செய்வதைப் போல நாலு காலுக்கும் நாலு கிண்ணம் வைத்து, தினமும் காலையில் குனிந்து குனிந்து தண்ணீர் ஊற்றினாள். ஓர் எறும்பு ஏறவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் பாதிக் கட்டைகள் அழுத்தினால் மேலே எழும்பவில்லை, எழும்பியவை மாடு கத்துவது போல் கத்தின. சென்னையிலிருந்து சுருதி சேர்க்க வந்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார், பிறகு குனிந்து கீழே பார்த்தார்.

"யாரு சார் இதுக்குத் தண்ணி வச்சது?"

"நாந்தான். எறும்பு வரக்கூடாதுல்ல?" என்றாள் சித்தி, பெருமையாக.

அந்த மனிதர் வாசலுக்குப் போய் வெகுநேரம் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரித்தாரா அழுதாரா என்று முதுகை வைத்துச் சொல்லமுடியவில்லை. அந்த வயதிலேயே நீ சித்தி பக்கம்தான். "அங்கிள், எங்க சித்தியைத் திட்டாதீங்க. எறும்பு நெஜமாவே வரலை" என்றாய்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், உன் விஷயத்தில் நாங்கள் செய்த ஒவ்வொரு காரியமும் அந்தக் கிண்ணத்துத் தண்ணீர் மாதிரிதான். சென்னையில் உன் முதல் பெரிய கச்சேரிக்கு ஒரு வேன் நிறைய ஊர்க்காரர்களோடு வந்தேன். நீ ஒரு பகுதியை முடித்துக் கையை மடியில் வைத்தாய். அரங்கம் முழுக்க ஒரு நிசப்தம். அடடா, பிள்ளை இவ்வளவு பாடுபட்டிருக்கிறான், ஒருத்தனும் கை தட்டவில்லையே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து நின்று "சபாஷ்!" என்றேன். தஞ்சாவூரில் சொன்னால் திருவாரூரில் கேட்கிற சபாஷ் அது. வேனில் வந்தவர்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். மற்றவர்கள் எங்களைப் பார்த்த பார்வையில் மழைக்காலத்து வயலே காய்ந்திருக்கும். அந்தச் சங்கீதத்தில் நடுவில் நிறுத்தும்போது தட்டக் கூடாதாம், எல்லாம் முடிந்த பிறகுதானாம். நீ மட்டும் மெதுவாகத் திரும்பி, நான் இருந்த திசையைப் பார்த்துக் கொஞ்சம் தலையைச் சாய்த்துவிட்டு, அடுத்த பகுதியை ஆரம்பித்தாய். அந்தத் தலைச்சாய்ப்புக்காக இன்னும் ஏழு அரங்குகளில் அவமானப்படத் தயார்.

பிறகு நீ ஜெர்மனிக்குப் படிக்கப் போனாய், அங்கேயே நிலைத்தாய், ஊர் ஊராகச் சுற்றினாய். எனக்குப் புரிந்த வரையில் உன் தொழில் மிகவும் கொடுமையானது. நாதஸ்வரக்காரர் தன் வாத்தியத்தைக் கையோடு கொண்டுபோகிறார். உனக்கு ஒவ்வோர் ஊரிலும் வேறு பியானோ. முன்பின் பார்க்காத மாட்டைச் சந்தையில் பிடித்து அன்றைக்கே ஏரில் பூட்டுவது போல, காலையில் போய் அதன் முதுகைத் தடவி, எங்கே முரண்டு பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு, சாயங்காலம் ஆயிரம் பேர் முன்னால் ஓட்டிக்காட்ட வேண்டும். எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போய் இருநூறு வருஷமான ஒரு வெள்ளைக்காரருக்கு, ஒரு சுரம்கூடக் கூட்டாமல் குறைக்காமல் கணக்குச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் சாதகம். கல்யாணம் என்று பேச்செடுத்தால், "அடுத்த சீசன் முடியட்டும் சித்தப்பா" என்பாய். எங்களுக்குத் தெரிந்த சீசன் குறுவையும் சம்பாவும்தான். உன் சீசன் அறுவடையே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

இந்த வருஷம் ஆனி மாதம் நீ திடீரென்று வந்தாய். மூன்று மாதம் இருக்கப்போகிறேன் என்றாய். நான் ஊர் முழுக்கப் போய், மகன் ஓய்வெடுக்க வந்திருக்கிறான், ஐரோப்பாவே அவனை அனுப்ப மறுத்து அழுததாம் என்று சொல்லிவைத்தேன். பழுது பார்த்து மாடி அறைக்கு ஏற்றியிருந்த அந்தப் பழைய பியானோவை, நீ கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பாய். எனக்கு எப்போதும் போல அது நன்றாகத்தான் கேட்டது. உன் சித்திதான் ஒரு நாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தினாள்.

"தம்பி எதையோ தாண்டித் தாண்டிப் போவுதுங்க."

"என்னத்தத் தாண்டுறான்?"

"தெரியல. வழியில குழி இருக்காப்ல."

மறுநாள் வரப்பில் நடக்கும்போது உன்னைக் கேட்டேன். நீ வலது கையை நீட்டிக் காட்டினாய். பியானோக்காரர்கள் கணக்கில் கட்டை விரல் முதல் விரல், மோதிர விரல் நான்காவது. அந்த நான்காவது விரல், நீ வாசிக்க உட்கார்ந்தால் மட்டும், தானாக உள்ளே மடங்கிக்கொள்கிறது. ஒரு வருஷமாக. வலி இல்லை, வீக்கம் இல்லை. வெறும் மேசையில் வாசிப்பது போல விரலை ஓட்டினாலும் மடங்குகிறது, வாசிக்கிற நினைப்பு வந்தாலே போதும். விரலில் ஒரு கோளாறும் இல்லை, மூளைக்குள் அந்த விரலுக்கென்று இருக்கும் இடம் கலைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாய். அளவுக்கு மீறிச் சாதகம் செய்கிறவர்களுக்கு அபூர்வமாக வருமாம். சரியாகலாம், ஆகாமலும் போகலாம், வருஷக்கணக்காகலாம். நீ சொன்னதை நான் என் பாஷையில் புரிந்துகொண்டேன். மடையைத் திறப்பது நம் வயலுக்கு, தண்ணீர் பாய்வது பக்கத்து வயலுக்கு. உள்ளே எங்கேயோ வரப்பு உடைந்திருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை. நீயும் அதுதான் சித்தப்பா, அதேதான் என்றாய். இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டதற்காக ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. அடுத்த நிமிஷம், நீ அந்த விரலை ஒளித்து ஒளித்து, அது வாசிக்க வேண்டியதை மற்ற விரல்களுக்குப் பங்கு போட்டு, ஒரு வருஷம் மேடை ஏறியிருக்கிறாய் என்பது புரிந்தது. ஐப்பசியில் பெரிய கச்சேரி ஒன்று இருக்கிறது, உன் வாழ்க்கையிலேயே பெரியது, அதில் ஒளிக்கமுடியாது என்றாய். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. தெரிஞ்சா இருக்கிற கச்சேரியும் போயிடும்" என்றாய்.

உன் சித்தப்பா யார்? தாசில்தாரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி வாய்க்கால் தூர்வாரவைத்தவன். கரண்டு ஆபீஸ்காரர்களிடம் அழுதே ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கியவன். ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒரு விரலிடம் தோற்பேனா? உனக்கே தெரியாமல் உன்னை ஒரு சுளுக்கு வழிக்கிறவரிடம் கூட்டிப்போனேன், என் முதுகுக்கு என்று பொய் சொல்லி. அவர் உன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காபி டம்ளரைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். நீ பிடித்தாய். விரல் கம்பி மாதிரி நின்றது.

"டம்ளர் புடிக்கிது, பேனா புடிக்கிது. பியானோ மட்டும்தான் வாசிக்கலையா? அப்ப தம்பிக்கு ஒண்ணுமில்லண்ணே. பியானோவுக்குத்தான் ஏதோ இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து பியானோவுக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். நீ மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். "சித்தப்பா, ஜெர்மனியில இருக்கிற பியானோவுக்கு யாரு சுத்துறது?" என்று கேட்டாய். உன் கேள்வியில் நியாயம் இருந்தது.

அடுத்துதான் அந்த வெள்ளி விரல். கண்ணுக்கு நோய் என்றால் வெள்ளியில் கண்மலர், காலுக்கு நோய் என்றால் வெள்ளியில் கால் வாங்கி அம்மன் உண்டியலில் போடுவது நம் வழக்கம். கோயில் வாசல் கடையில் கை இருந்தது, கால் இருந்தது, முழு ஆள்கூட இருந்தான். ஒற்றை விரல் இல்லை. முழுக் கையைப் போட்டால் நன்றாக இருக்கும் நாலு விரலையும் அம்மன் சந்தேகப்பட்டுவிடுவாள் என்று பயந்து, தாராசுரத்தில் நமக்குத் தெரிந்த பத்தரிடம் போனேன். நகை செய்கிற அவருக்குக் கண்ணும் கையும் சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் அகலம்.

"ஒத்தை வெரலா? யாருக்குண்ணே?"

"யாருக்கோ. நீ செய்."

"வலதா எடதா? தனியாப் பாத்தா அம்மனுக்குத் தெரியணும்ல?"

"வலது. மோதிர விரல்."

"ஆணா பொண்ணா? தடிமன் மாறும்."

"ஆண்."

"நீளமான வெரலாண்ணே? இந்த... வாசிக்கிறவங்க வெரலு மாதிரியா?"

நான் ஒன்றுமே சொல்லவில்லை, தம்பி. சத்தியமாகச் சொல்லவில்லை. என் முகம் சொல்லிவிட்டது. அதற்கு ஒரு பூட்டுப் போடமுடியாமல் போயிற்று.

நோய் உள்ளவர் கையாலேயே உண்டியலில் போடவேண்டும் என்பது வழக்கம். வேறு வழியில்லாமல் கோயிலில் வைத்து உன்னிடம் கொடுத்தேன். கோபிப்பாய் என்று நினைத்தேன். நீ அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பத்தர் ரேகை எல்லாம் போட்டிருந்தார், நகம்கூட இருந்தது. "எவ்வளவு நேரா இருக்கு பாருங்க சித்தப்பா" என்றாய். உண்டியலில் போட்டுவிட்டுக் கையைக் கும்பிடாமல் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாய். அந்த நேரத்தில் நானும் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். ஊரில் யாருக்குத் தேள் கொட்டினாலும் பக்கத்தில் போய் நின்று சிரிக்கவைக்கிற வாய் இது. அன்று சுண்டல் வாங்கித்தரட்டுமா என்று கேட்டேன்.

ஆடி வெள்ளியன்று காலை பஸ் நிறுத்தத்துக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். வேப்பமர உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர். நடுவில் கோட்டு போட்டு நீ பியானோ வாசிக்கும் படம். 'உலகம் போற்றும் பியானோ சக்கரவர்த்தி, எங்கள் மண்ணின் மைந்தன் அவர்களின் வலது கை மோதிர விரல் பூரண குணமடைய வேண்டி மாபெரும் பால்குடத் திருவிழா.' படத்தில் உன் விரலைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் ஓர் அம்புக்குறி. கீழே நம் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் செல்போன் பேசுவது போலவும் கும்பிடுவது போலவும் வரிசையாக. கிழிக்கப் போனேன். மன்றத் தலைவன் மாரிமுத்து ஓடிவந்தான்.

"என்னங்க மாமா, புடிக்கலையா? ஃபாண்ட் சின்னதா இருக்கா?"

"டேய், இதை யாருடா வைக்கச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? அண்ணன் நம்ம ஊருக்கே பேரு வாங்கிக் குடுத்துருக்கு. அண்ணனுக்கு ஒண்ணுன்னா நாங்க சும்மா இருக்கறதா? நூத்தியெட்டு பால்குடம் மாமா. பசங்க வேலைக்கு லீவு போட்டுருக்கானுவ."

அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். என்ன செய்வேன்? திட்டினால் அன்பைத் திட்டியதாகும். விட்டால் உன் கச்சேரி போய்விடும். கிழிக்கத் தூக்கிய கையால் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். இந்த ஜில்லாவில் இதைவிடக் கேவலமாக யாரும் தோற்றதில்லை.

அதற்குள் காரியம் கைமீறிவிட்டிருந்தது. நீ இருக்கும் நாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நம் பக்கத்துப் பையன் ஒருவன், உன் கச்சேரிகளுக்குத் தவறாமல் போகிறவன், அந்த பேனர் படத்தைத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டு, இவருக்காக எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று இங்கிலீஷிலும் எழுதி, உன் பெயரையும் கச்சேரி நடக்கவிருந்த அரங்கத்தின் பெயரையும் சேர்த்துக் கோத்துவிட்டான். சிவப்பு வட்டத்துக்கும் அம்புக்குறிக்கும் மொழிபெயர்ப்பு எதற்கு? மறுநாள் மத்தியானம் உன் கச்சேரிகளை ஏற்பாடு செய்யும் அந்த அம்மாள் உன்னைக் கூப்பிட்டாள். நீ கொல்லைப்புறத்தில் மோட்டார் கொட்டகைப் பக்கம் நின்று ஜெர்மன் பாஷையில் பேசினாய். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. நீ நின்ற விதம் மட்டும் புரிந்தது.

"கேட்டாங்க. ஆமாம்னு சொல்லிட்டேன்" என்றாய் திரும்பி வந்து.

"எதுக்குடா ஆமாங்கற? ஊர்ல பைத்தியக்காரப் பசங்க பண்ணதுன்னு சொல்றதுதானே?"

"சொல்லிட்டு மேடையில மடங்குனா?"

"நான் பேசறேன் அந்த அம்மாகிட்ட. நம்பர் குடு."

"என்ன சித்தப்பா பேசுவீங்க?"

நீ கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே, நான் ஏதாவது வைத்திருப்பேனோ என்று ஒரு சின்ன ஆசையோடு கேட்டாய். சிறுவயதில் பட்டம் மரத்தில் மாட்டிக்கொண்டால் என்னைப் பார்ப்பாயே, அப்படிப் பார்த்தாய். யோசித்தேன். என் ஆயுளில் முதல் முறையாக யோசித்துப் பார்த்தும் ஒரு பொய்கூடத் தோன்றவில்லை.

கச்சேரியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நீ முன்னதாகவே கிளம்பினாய். அங்கே ஒரு வாத்தியார் இருக்கிறாராம், இப்படிப்பட்டவர்களுக்கு முதலிலிருந்து, ஒரு விரலுக்கு ஒரு கட்டை என்று, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல ஆரம்பிப்பாராம். உத்தரவாதம் கிடையாதாம். விமான நிலைய வாசலில் அதைச் சொல்லிவிட்டு உள்ளே போனவன்தான், திரும்பி வந்து அந்த வாக்கை வாங்கிக்கொண்டாய்.

கடிதம் என்று எழுதினால் பெரியவர்கள் புத்தி சொல்லவேண்டும். என் புத்தியால் இதுவரை பலன் அடைந்த ஜீவன் எதுவும் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். நீ கிளம்புவதற்கு முந்தின வாரம் மாடியில் தனியாக அந்த விரலைத் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். தமிழில்தான் திட்டினாய், என்னிடம் கற்ற வார்த்தைகள்தான், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் அதைத் திட்டாதே. உன் எட்டு வயதிலிருந்து அது வேலை செய்கிறது. ஜுரத்தில் செய்தது, பரீட்சையில் செய்தது, விரல் விறைக்கும் பனியில் செய்தது. லீவு கேட்கத் தெரியாமல் அப்படியே நின்றுவிட்டது. அப்புறம், சீக்கிரம் சரியாகிவிடும் என்று சொல்கிற எவரையும் நம்பாதே, என்னை உட்பட. நான் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம். உன்னைச் சுற்றி ஒன்றும் செய்யமுடியாமல் நாலு பேர் நிற்கத்தான் செய்வோம். எங்களை அப்படியே நிற்கவிடு. விரட்டாமல் இருந்தால் போதும்.

நீ பியானோ வாசிக்கவேண்டும் என்று எங்களுக்கு ஒரு கட்டாயமும் இல்லை, வாசிக்காவிட்டாலும் நீ எங்கள் பிள்ளைதான் என்று ஒரு வரி எழுதி, அதில் எனக்கே கண் கலங்கி, உன் சித்தியிடம் படித்துக்காட்டினேன். "அதை அடிச்சுடுங்க" என்றாள். "நமக்குக் கட்டாயம் இல்ல. அவனுக்கு இருக்குல்ல?" அடித்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கச்சேரி. அங்கே காலைக் கச்சேரி, இங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரம். நேரடியாகப் போனில் பார்க்கலாம் என்று நீதான் லிங்க் அனுப்பினாய், நானும் போய் உட்கார்ந்து கேட்கப்போகிறேன் என்றும் சொன்னாய். ஏன் போகிறாய் என்று கேட்க நாக்கு துடித்தது, அதுவும் விரல் கணக்கில் சேருமோ என்று விட்டுவிட்டேன். போனைச் சொம்பில் சாய்த்துவைத்து இருவரும் உட்கார்ந்தோம். உன் இடத்தில் ஒரு பெண் வந்தாள். சின்னப் பெண். இவளை வெறுப்பது என்று ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தேன். இவள் மட்டும் வாசிக்கட்டும், மேட்டூரில் இருக்கிற தண்ணீரையெல்லாம் திருப்பி ஜெர்மனியில் விடுகிறேன் என்று கறுவிக்கொண்டிருந்தேன். அவள் வாசிக்க ஆரம்பித்ததும் சித்தி, "நல்லாத்தான் வாசிக்குது அந்தப் பொண்ணு" என்றாள்.

"நீ யாரு பக்கம்?"

"தம்பி பக்கம். தம்பிதானே சொல்லிச்சு அது நல்லா வாசிக்கும்னு."

நான் முதல் முறையாகத் தூங்காமல் கேட்டேன். நடுவில் அவள் நிறுத்தியபோது கைதட்டவில்லை. இதை நீ குறித்துக்கொள்ளவேண்டும். முடிகிற நேரத்தில் ஒரு காமிரா மெதுவாக, உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் திரும்பியது. மூன்றாவது வரிசையில் நீ. உன் நீலக் கோட்டு. வலது கை முழங்காலின் மேல் இருந்தது. விரல்கள் அவளோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தன.

"நீட்டுறான்!" என்று சித்தி கத்தினாள். "நாலாவது வெரல நீட்டுறாங்க! பாத்தீங்களா, நேரா நீட்டிட்டான்!"

நான் பார்ப்பதற்குள் காமிரா மேடைக்குப் போய்விட்டது. உன் சித்தி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் மட்டும் உட்கார்ந்து, முடிந்த பிறகு அதே இடத்துக்குத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒரு தரம் இல்லை. சாயங்காலம் நீ போன் செய்து, "பாத்தீங்களா சித்தப்பா?" என்றாய். பார்த்தோம் என்றேன். எப்படி இருந்தது என்றாய். அந்த அரங்கத்தின் கூரையை நம் நெல் கிடங்குக்குப் போட்டால் நூறு வருஷத்துக்கு ஒழுகாது என்றேன். நீ சிரித்தாய். வேறொன்றும் நீ சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. கேட்டேனா?

சித்தி தான் பார்த்தது பார்த்ததுதான் என்று அடித்துச் சொல்கிறாள். எனக்குத் தெரியவில்லை, தம்பி. கட்டை விரல் தெரிகிறது, அடுத்த இரண்டு விரல்கள் தெரிகின்றன. உன் முன்னால் உட்கார்ந்திருக்கும் வழுக்கைத் தலைக்காரர் சரியாக அந்த இடத்தில் ஒரு பக்கமாகச் சாய்கிறார், மீதி இரண்டு விரல்களும் அவர் காதுக்குப் பின்னால் போய்விடுகின்றன. வரப்புக்கல்லை நகர்த்தியவனை நகர்த்தியிருக்கிறேன், பஞ்சாயத்துத் தலைவரை நாற்காலியோடு நகர்த்தியிருக்கிறேன், நடுரோட்டில் படுத்த எருமையை நகர்த்தியிருக்கிறேன். ஒரு வாரமாக அந்தத் தலையோடு போராடுகிறேன். போனைச் சாய்த்துப் பார்க்கிறேன், எட்டிப் பார்க்கிறேன், கொஞ்சம் தள்ளுங்க சார் என்று வாய்விட்டுச் சொல்லியும் பார்த்துவிட்டேன். அவர் நகரவில்லை.

இப்படிக்கு,
உன் சித்தப்பா